ஆற்றைத் தாண்ட பம்பாய் போன பாட்டு

வண்டிப்பெரியாரில் ஆற்றின் இந்தக் கரையில் இருப்பவர் போனில் பாடினால், அந்தக் கரையில் இருப்பவருக்கு அது பம்பாய் போய்விட்டுத்தான் வந்து சேர்கிறதாம். நாச்சிமுத்து அண்ணன் இதைச் சொன்னபோது நான் ஏணியில் நின்றிருந்தேன். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து இறங்கி வந்தேன்.

"ஏனுங்கண்ணா, ஆத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டா கேக்காதுங்களா?"

"பாலத்துல நின்னு கூப்பிட்டா நல்லாத்தான் கேக்கும். போன்ல பாடுனா பம்பாய் போயிட்டு வருது. நீ போயி ரெண்டு கரையையும் சேத்தி உட்டுப்போட்டு வா."

"நானுங்களா?"

"பின்ன, இந்த ஏணியையா அனுப்பறது?"

நாச்சிமுத்து அண்ணன் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் கேபிள் டிவியும் இண்டர்நெட்டும் நடத்துகிறவர். தென்னந்தோப்பு அவருக்குத் தொழில், கேபிள் அவருக்கு ஆசை. நான் அவரிடம் ஃபைபர் ஒட்டுகிறவன். தலைமுடி போன்ற கண்ணாடி இழைகளை மெஷினில் வைத்து ஒட்டுவேன். அந்த இழையை நாங்கள் கோர் என்போம். இந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் இதைப் பிடித்துக்கொண்டேன்.

முன்பு எங்கள் பக்கமும் இதே கதைதான். ஊருக்கு ஒரு கேபிள்காரர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெரிய கம்பெனியிடம் இண்டர்நெட் வாங்கி வீடுகளுக்குக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனிகள் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்வது சென்னையிலோ பம்பாயிலோதான். அதனால் அடுத்த ஊர் மச்சினனுக்கு அனுப்பிய போட்டோகூட அங்கே போய்த்தான் திரும்பும். வழியில் எங்கோ ஒரு கேபிள் அறுந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனும் காணாமல் போய்விடுவான். கடைசியில் கேபிள்காரர்கள் கூடி, ஒரு அரிசி மில்லின் மூலையில் பொதுவாக ஒரு பெட்டி வைத்து, எல்லோருடைய கேபிளையும் அதில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இப்போது உள்ளூர்ச் சமாச்சாரம் உள்ளூரிலேயே திரும்பிவிடுகிறது.

இதில் யார் எத்தனை கோர் கொடுப்பது என்பதை யாரும் வாயால் பேசவில்லை. எல்லோரும் விவசாயிகள். மாட்டுச் சந்தையில் பேசுவதுபோல, கையின் மேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடித்தார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை கோர். அவன் கொடுத்தது இவனுக்குத் தெரியாது, இவன் கேட்டது அவனுக்குத் தெரியாது. எல்லோருக்கும் நடுவில் துண்டு போட்டவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, மாட்டுத் தரகரான தாய்மாமனோடு சந்தை சந்தையாகத் திரிந்தவன் என்பதால் எனக்கு அது கை வந்திருந்தது. வாயைத் திறக்காமல் நான் செய்யக்கூடிய வியாபாரமும் அது ஒன்றுதான்.

"அங்கயும் அப்படியே பண்ணிப்போடு," என்றார் அண்ணன். "ரெண்டு கேபிள்காரங்க. தானியேலு, சூசை. தானியேலோட சம்சாரம் சூசையோட தங்கச்சி. மச்சானும் மச்சானும் பேசிக்கறதில்ல. ஆளுக்கொரு பக்கம் துண்டப் போட்டுப் பேசி முடி. அனுமதி வேலையெல்லாம் நான் பாத்துட்டேன்."

புதன்கிழமை கிளம்பினேன். எங்கள் ஊரிலிருந்து வண்டிப்பெரியாருக்குப் போக, கேரளாவை விட்டு வெளியேறி, தமிழ்நாட்டில் வெகுதூரம் சுற்றி, மறுபடியும் கேரளாவுக்குள் ஏற வேண்டும். இரண்டும் ஒரே மாநிலத்து ஊர்கள்தான். பாட்டுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பாட்டுக்கு வாந்தி வராது.

ஒட்டும் மெஷினைப் பெட்டியோடு மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே, தையல் மிஷினா?"

ஃபைபர் என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமோ என்று பயந்து தலையை ஆட்டினேன். அது பெரிய தப்பு. அவர் மகளுக்கு ரவிக்கை தைத்தவன் கையைச் சின்னதாக வைத்துக் கெடுத்த கதையை முழுவதும் கேட்டேன். அப்புறம் அவருடைய பையின் அறுந்த வாரை என் மடியில் போட்டார்.

"இதுல ரெண்டு தையல் ஓட்டிக் குடுங்கண்ணே."

"கரண்ட் வேணுமுங்க."

"அதான பாத்தேன். தையக்காரன்னா ஒரு சாக்கு இருக்கும்ல," என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, தன் கால்சட்டையும் அப்படித்தான் ஒருவனிடம் மாட்டியிருக்கிறது என்றார். அதற்கும் நானே பொறுப்பு என்பதுபோல நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மலை ஏற்றத்தில் பேருந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்தார். மறுபடியும் இறங்கி எதிர்த்திசையில் சுற்றினார். அதற்குமேல் அவரிடம் வித்தை இல்லை என்று தெரிந்ததும், காய்கறி ஏற்றி வந்த ஒரு ஜீப்பில் சிலர் தொற்றிக்கொண்டோம். எனக்குக் கிடைத்தது முட்டைக்கோஸ் மூட்டையின் மேல் இடம். வளைவுக்கு ஒருமுறை கோஸ் என் பக்கம் வந்தது, நான் கோஸ் பக்கம் போனேன். நான் தலையை வெளியே நீட்டியபோது ஓட்டுநர் கத்தினார்.

"அண்ணே, தலைய உள்ள இழுங்க! எதிர்ல லாரி வந்தா தலை அவன்கூடப் போயிரும், நான் உங்கள மட்டும் எங்க எறக்குறது?"

தானியேல் பாலத்தருகே குடையோடு காத்திருந்தார். குள்ளமான ஆள், பெரிய குரல். சபையில் பாடகர் குழுவை நடத்துகிறவர் என்பதால் பேசும்போதும் வலது கை தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. குடையும் அந்தக் கையில்தான் இருந்தது. வீடு சேரும்போது நாங்கள் இருவரும் சமமாக நனைந்திருந்தோம்.

எங்கள் ஊரில் விருந்தாளிக்கு முதலில் தண்ணீர், பிறகு நலம் விசாரிப்பு, அப்புறம்தான் மற்றது. இங்கே நான் செருப்பைக் கழற்றுமுன் கையில் பால் விடாத சூடான கட்டன் சாயா வந்துவிட்டது. ஒரு காலில் நின்றபடி குடித்தேன். பிறகு தானியேலின் மனைவி ரெஜினா அக்கா, கப்பைக் கிழங்கும் மத்தி மீன் குழம்பும் வைத்தார். கப்பை வேகமாக வயிற்றை அடைத்தது. பாலக்காட்டுக் காற்று உடம்பை உலர்த்திவிட்டுப் போகும். இங்கத்துக் காற்று ஈரத்தோடு வந்து கூடவே உட்கார்ந்துகொள்கிறது. ஈரிழைத் துண்டை எடுத்துத் தலையோடு சுற்றிக்கொண்டு கதையைக் கேட்டேன்.

முன்பு இவரும் சூசையும் ஒரே கேபிளாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் உள்ளூர் சேனலில் சூசையின் கத்தோலிக்கக் கோயில் பூசையைக் காட்டுவதா, தானியேலின் சபை ஆராதனையைக் காட்டுவதா என்று சண்டை வந்தது. ஆளுக்குப் பாதி திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். யார் படம் மேலே என்று சண்டை வந்தது. கேபிள் இரண்டாகிவிட்டது. ஆறு எல்லையாகிவிட்டது.

"இப்ப என் கொயர்ல பாதிப்பேர் அந்தக் கரையில இருக்காங்கண்ணே," என்றார் தானியேல். "இருட்டுனா எஸ்டேட் ரோட்டுல ஆனை எறங்கிருது. ஒருத்தரும் இக்கரைக்கு வர முடியல. அதான் போன்ல சேர்ந்து பாடிப் பழகுதோம். பொம்பளைங்க இங்க முடிச்சுட்டு இருமிக்கிட்டு இருக்கும்போது, அங்கருந்து ஆம்பளைங்க குரல் வருது. வாற சனிக்கிழமை சாயந்தரம் சபைக் கமிட்டி வந்து கேக்கும். சேர்ந்து பாடலன்னா இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொயர் கிடையாதாம். பென்டிரைவ்ல பாட்டப் போட்டுருவாங்களாம்."

அவர் கை தாளத்தை நிறுத்திவிட்டது. அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அதிலிருந்துதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் பென்டிரைவே நேரில் வந்தது. கமிட்டிச் செயலாளர் ஜெபராஜ் ஐயாவின் சாவிக்கொத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இஸ்திரி போட்ட சட்டை, கனமான குரல். அந்தக் கரையில் குடியிருக்கிறார். கொயரில் கீழ்க்குரல் பாடுகிறவர்களுக்கு அவர்தான் தலைவர்.

"தப்பா நெனைக்காதீங்க," என்றார் என்னிடம். "நாங்க சரியாத்தான் பாடுதோம். நெட்டு எங்கள லேட்டாக்குது. சபை முன்னால கேலியாப் போயிரும்ல. பென்டிரைவ்னா லேட்டாகாது பாருங்க." சாவிக்கொத்தை ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

வேலையைத் தொடங்கினேன். தானியேலிடம் பாலம் வரைக்கும் சும்மா கிடக்கிற கோர்கள் சில இருந்தன. அதில் நான்கு கேட்டு மூன்றில் முடிக்கலாம் என்று கணக்கு. அவர் எதிரில் உட்கார்ந்து, துண்டை அவர் கையின் மேல் போட்டு, அடியில் கையை விட்டு நான்கு விரலைப் பிடித்து அழுத்தினேன்.

தானியேல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்பின் பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை இழுக்கப் பார்த்தேன், அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தூரத்திலிருந்து வந்த இந்தச் சகோதரனுக்காக ஸ்தோத்திரம் என்றார். என் குடும்பத்துக்கு, என் மெஷினுக்கு, நாச்சிமுத்து அண்ணனின் தென்னைகளுக்கு ஜெபித்தார். கடலுக்கு அடியில் கிடக்கிற கேபிள்களை மீன்களிடமிருந்து காக்கும்படி கேட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு ரெஜினா அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்து நின்றார். பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

வேறு வழி தெரியாமல் என் தொழிலைப் பார்த்தேன். நான்கு அதிகம் போலிருக்கிறது என்று மூன்று விரலை அழுத்தினேன். அவர் குரல் உயர்ந்தது. இரண்டுக்கு இறங்கினேன். அழ ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன், தனியாக விடுபட்டு நிற்பது எனக்கு எப்போதும் கூச்சம்.

தானியேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணே, நீங்க வெரல அழுத்துன ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள ஒரு பெலன் எறங்குச்சுண்ணே. துண்டால மூடி ஜெபிக்கிறத நான் கண்டதே இல்ல. உங்க பக்கம் இப்படித்தானா?"

"ஆமாங்க. எங்க பக்கம் இப்படித்தானுங்க." அதில் பொய் எதுவும் இல்லை.

"கோர் எத்தனை வேணும்? அம்புட்டையும் எடுத்துக்கிடுங்க."

என் மாமன்கூட ஒரு மாட்டை இப்படி முடித்ததில்லை.

மத்தியானத்துக்குள் செய்தி லயம் லயமாகப் போய்விட்டது. பாலக்காட்டிலிருந்து ஊழியக்காரர் வந்திருக்கிறார், பேசவே மாட்டார், விரலால்தான் ஜெபிப்பார். முழங்கால் வலியோடு ஒரு அம்மா வந்து கையை நீட்டினார். நான் கேபிள்காரன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. துண்டைப் போட்டேன். எத்தனை விரல் என்று தெரியவில்லை. முழங்கால் இரண்டு என்பதால் இரண்டை அழுத்தினேன்.

"போன உயிர் வந்த மாதிரி இருக்குய்யா," என்று அவர் படியிறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போய்ச் சூசையைத் தேடினேன். அவருக்குப் போத்து, அதாவது எருமை இறைச்சிக் கடையும் உண்டு. முன்னால் இறைச்சி தொங்கும், பின் அறையில் இண்டர்நெட் விளக்குகள் மினுங்கும். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

"மச்சான் அனுப்புன ஆளுதான நீங்க? இங்கரு அண்ணாச்சி, நான் கத்தோலிக்கன். எனக்கு எங்க சாமியார் இருக்காரு. டீ குடிங்க, இறைச்சி வேணும்னா வாங்கிட்டுப் போங்க. கைய மட்டும் கேக்காதீங்க."

இறைச்சி வாங்க நின்றவர்களும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் தன் தோள்பட்டை வலியை நினைத்தோ என்னவோ, பாதிக் கையை வெளியே எடுத்தார். சூசை அவரை முறைத்தார். அந்தக் கை திரும்ப உள்ளே போனது.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. ஊருக்கே திரும்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் நாளை சனிக்கிழமை. சூசையின் கேபிள் ஒன்றுதான் பாலத்தின் மேல் போகிறது. அதில் கோர் கிடைக்காவிட்டால் தானியேலின் கை மறுபடியும் தாளத்தை நிறுத்திவிடும். பேச வராததால் பழக்கத்தில் துண்டை உதறி, மடித்து, மணிக்கட்டின் மேல் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

சூசை அந்தத் துண்டையே பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ஜெபத்துக்குப் போடுத துண்டு இல்லையே."

நான் துண்டின் கரையைத் தடவினேன்.

"இது பொள்ளாச்சிச் சந்தைத் துண்டுல்லா!"

அவர் மாடு பிடிக்க அந்தச் சந்தைக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறவராம். முந்தின நாள் நடந்தது என்ன என்பது அவருக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். தொங்கிக்கொண்டிருந்த போத்துத் தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க மச்சான் அழுதானா? அழுதானா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பிறகு கையைக் கழுவி வந்து, துண்டுக்கு அடியில் தானே விட்டார்.

அதற்கப்புறம் நடந்தது முறையான வியாபாரம். நான் நான்கு விரலைப் பிடித்தேன். அவர் என் சுண்டு விரலை மட்டும் பிடித்து ஒன்று என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான் மூன்றுக்கு வந்தேன். அவர் கையை எடுப்பதுபோல எடுத்து மறுபடியும் விட்டார். இரண்டு விரலில் இருவர் பிடியும் நின்றது. இவ்வளவு நிம்மதியாக நான் அந்த ஊரில் யாரோடும் பேசவில்லை.

நிமிர்ந்தபோது கடை வாசலில் தானியேல் நின்றிருந்தார். நான் என்ன ஆனேன் என்று பார்க்கப் பாலம் தாண்டி வந்திருக்கிறார். பல வருடமாகத் தாண்டாத பாலம். துண்டுக்கு அடியில் இருந்த சூசையின் கையைப் பார்த்துவிட்டு, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீங்களுமா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

சூசையின் முகத்தில் சிரிப்பு ஏறி, பாதியில் நின்று, எங்கோ போய்விட்டது. "ஆமா மச்சான்," என்றார். "உள்ள வாங்க. மழையில நிக்காதீங்க." பிறகு என் காதருகில் குனிந்து, "மூச்சு விட்டுராதீங்க அண்ணாச்சி. அவன் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்," என்றார். நான் இன்றுவரை யாரிடமும் வாயால் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சேர்ந்துவிட்டார்கள் என்பதற்காகச் சண்டை நின்றுவிடவில்லை. பொதுப்பெட்டியை எங்கே வைப்பது? தானியேலின் வீட்டில் என்றால் சூசைக்கு ஒப்பவில்லை. இறைச்சிக் கடையில் என்றால் தானியேலுக்கு ஒப்பவில்லை. கடைசியில் பாலத்தின் முனையில் இருக்கும் குட்டன் சேட்டனின் சாயாக்கடைப் பரணில் வைப்பது என்று முடிவானது. குட்டன் சேட்டன் மலையாளத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பெட்டி சூடாகுமா? ஆகும் என்றேன். அப்படியானால் பப்படம் நமுத்துப் போகாமல் அதன் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், சம்மதம் என்றார்.

சனிக்கிழமை காலை ஒட்டும் வேலை. மழை விடவில்லை. சாயாக்கடைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்குக் குடை யார் பிடிப்பது என்று மச்சான்கள் இருவருக்கும் போட்டி. இருவரும் ஒரே குடையைப் பிடித்தார்கள். தானியேலின் கை தாளம் போட்டதால் குடை துள்ளியது. முதல் கோரை வைத்து மெஷினை மூடப் போகும் நேரத்தில் அவர் தும்மினார். இழை எங்கே போனது என்றே தெரியவில்லை. அந்த இழை உடைந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலில் குத்தினால்தான் தெரியும்.

"மச்சான், நீங்க அந்தாக்குல பெஞ்சுல போய் உக்காந்து புட்டு தின்னுங்க," என்றார் சூசை.

"நான் பிடிச்சாத்தான் ஒட்டும்."

"நீங்க பிடிச்சதுலதான் பறந்துட்டு."

ஒருவழியாக ஒட்டி முடித்தேன். நாச்சிமுத்து அண்ணனின் மருமகன் அரிசி மில்லில் இருந்தபடியே போனில் சொல்லச் சொல்ல, பரணில் பெட்டியையும், பாட்டுச் சத்தத்தை வாங்கி இரு கரைக்கும் பிரித்துக் கொடுக்கிற சின்னக் கம்ப்யூட்டரையும் வைத்து, கேபிள்களைச் செருகினேன். பச்சை விளக்குகள் எரிந்தன. குட்டன் சேட்டன் உடனே பப்படக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. சூசை தன் கரையில் ஆற்றோரம் நின்றார். தானியேல் இந்தக் கரையில் போனைக் காதில் வைத்துக்கொண்டார். சூசை கையை ஓங்கித் தட்டினார். தானியேல் துள்ளிக் குதித்தார். போனில் கேட்ட பிறகுதான், தண்ணீருக்கு மேலாகக் காற்றில் வந்த சத்தம் கேட்டது.

"அண்ணே! கேக்குறதுக்கு முன்னாலயே கேட்டுட்டு!"

சாயந்தரம் தானியேலின் வீட்டில் போதகரும் கமிட்டிக்காரர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஆண்கள் எல்லோரும் அந்தக் கரையில், சூசையின் பின் அறையில். ஜெபராஜ் ஐயா கீழ்க்குரல் என்பதால் அவரும் அங்கேதான். பென்டிரைவை மட்டும் போதகரிடம் முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தானியேல் கையை உயர்த்தினார். பாட்டு ஆரம்பித்தது. பெண்கள் குரலும் ஆற்றுக்கு அப்பால் இருந்த ஆண்கள் குரலும் ஒன்றாக எழுந்தன. ரெஜினா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். முதல் வரி முடிந்தது. எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். அந்த அமைதியில், ஒரு கனமான குரல் தனியாக, நிதானமாக, அதே வரியின் கடைசி வார்த்தையைப் பாடி முடித்தது.

தானியேல் நிறுத்தினார். "இன்னொருதரம்."

மறுபடியும் எல்லோரும் முடித்தார்கள். மறுபடியும் அந்தக் குரல் பின்னால் வந்து கதவைச் சாத்தியது.

"அங்க ஒவ்வொருத்தரா பாடுங்க பாப்போம்," என்றார் தானியேல். ஒவ்வொருவராக அவர் தாளத்துக்குப் பாடினார்கள். எல்லோரும் சரியாக வந்தார்கள். ஒருவர்தான் மிச்சம்.

"ஐயா," என்றார் தானியேல், மெதுவாக. "நெட்டு இப்ப சரியா இருக்குய்யா."

போனில் ஒரு கனைப்பு கேட்டது. பிறகு ஜெபராஜ் ஐயாவின் குரல் வந்தது.

"பம்பாய்ல மழையா இருக்கும்."

"இது பம்பாய் போகலய்யா. குட்டன் சேட்டன் கடை வரைக்கும்தான் போகுது."

ரெஜினா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினார். கமிட்டிக்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் சூசை சிரிப்பை அடக்குவது போனில் தெளிவாகக் கேட்டது. தாமதமே இல்லை. போதகர் ஒருமுறை இருமிவிட்டு, பென்டிரைவை ரெஜினா அக்காவின் மேசை மேல் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"இது வேண்டாம்," என்றார். "கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கு தானியேல். இத்தன நாளு யாரத் திருத்தணும்னே உங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுட்டு. பாடுங்க."

தானியேலின் கை மேலே போனது. அது கீழே இறங்குமுன் நான் அடுப்படிப் பக்கம் நழுவினேன். அழுகிறவரை அருகில் நின்று பார்க்க எனக்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பப் பேருந்துக்காக நின்றேன். ஜெபராஜ் ஐயா ஆராதனை முடிந்து அதே இஸ்திரிச் சட்டையோடு வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு என்னை மரத்தடிக்கு ஒதுக்கினார்.

"தம்பி, ஒரு சின்ன உதவி. என் வீட்டுக் கேபிள மட்டும் மறுபடி பம்பாய் வழியா விட முடியுமா?"

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. ஒரு அறை முழுக்கத் தன் குரலைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒட்டியதை அறுக்க மனம் வரவில்லை.

"வேண்டாமுங்க ஐயா. நீங்க மத்தவங்க பாடறதக் கேட்டுட்டு ஆரம்பிக்கறீங்க போலருக்குதுங்க. கேக்காம, அவங்க மூச்சு வாங்கறப்பவே நீங்களும் வாங்கிப் பாருங்க."

இவ்வளவு நீளமாக நான் அந்த ஊரில் பேசியது அதுதான். சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஐயா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். "நீங்க மூச்ச வாங்குங்க," என்றார். நான் வாங்கினேன். அவர் தாமதமாக வாங்கினார். மறுபடியும் செய்தோம். மழையில் இரண்டு பெரிய ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைச் சாயாக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர் நெருங்கி வந்தார். கடைசியில் ஒருமுறை இருவரும் ஒன்றாகவே மூச்சை வாங்கி, ஒன்றாகவே அந்த வரியைத் தொடங்கினோம். நான் பாடியது அதுதான் முதல் தடவை. ஐயாவின் முகம் மலர்ந்துவிட்டது.

எங்களுக்குப் பின்னால் என் பேருந்து வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். விசில் கேட்டது. வண்டி கிளம்பிப் பாலத்தைத் தாண்டி, தேயிலைச் சரிவின் முதல் வளைவுக்குள் போய் மறைந்தது.

"நிறுத்து! நிறுத்து!" என்று ஜெபராஜ் ஐயா கத்தினார்.